தொப்பூர் ஏற்றத்தில் இறங்கிய முள்

தொப்பூர் கணவாயில் சேலம் பக்கமிருந்து தர்மபுரி நோக்கி ஏறிக்கொண்டிருந்தோம். நான், அப்பா, அம்மா, பின்னால் இரண்டு மூட்டை அரிசி. மதியம் இரண்டு மணி இருக்கும். முக்கால் அளவுக்கு ஏறியிருந்த டெம்பரேச்சர் முள் திடீரென்று இறங்க ஆரம்பித்தது. "அப்பாடா, சூடு குறையுதுப்பா" என்றார் அப்பா. எனக்கும் நிம்மதிதான். இரண்டாவது கியரிலேயே மிதித்து ஓட்டினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, இழுவை போய், பானெட் ஓரத்தில் ஆவி கிளம்பியது. வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தால் ரேடியேட்டரில் தண்ணீரே இல்லை. கீழ் ஹோஸின் கிளிப் தளர்ந்து வழி நெடுகக் கொட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

முள் ஏன் இறங்கியது என்பது அப்புறம்தான் புரிந்தது. சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் தண்ணீரின் சூட்டைச் சொல்லும். தண்ணீர் போய்விட்டால் அது ஆவியிலும் காற்றிலும் தொங்கிக்கொண்டிருக்கும், சூடு சரியாக ஏறாது, முள் கீழே வந்துவிடும். அதாவது இன்ஜின் வெந்துகொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் முள் "எல்லாம் சரி" என்று காட்டுகிறது. ஏற்றத்தில் மிதித்துப் போகும்போது முள் தானாக இறங்கினால் சந்தோஷப்படாமல் உடனே ஓரம் கட்டுங்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். எங்களுக்கு ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் தலைப்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) போய், ஹெட்டும் வளைந்து, தர்மபுரியில் மூன்று நாள் தங்க வேண்டியதாயிற்று.

வண்டி 1996 மாடல், கார்புரேட்டர், 796 சிசி, மூன்று சிலிண்டர். அப்பா வேலையிலிருந்தபோது வாங்கியது. நாங்கள் இருப்பது பெங்களூரு அல்சூரில். 15 வருஷம் முடிந்த பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி.யைப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம், விற்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. அதனால் தர்மபுரியிலிருந்து திரும்பியதும் முதலில் முடிவு செய்தது, டேஷ்போர்டில் தனியாக மீட்டர் போடுவது என்று.

எந்த மீட்டர் போடுவது என்பதில் நிறைய பேர் குழம்புவார்கள், நானும் குழம்பினேன். இந்த வண்டியில் வரும்போதே பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் உண்டு. ஆயிலுக்கும் சார்ஜுக்கும் சிவப்பு விளக்கு மட்டும்தான். ஆயில் விளக்கு என்பது, பொதுவாக எல்லா வண்டியிலும், பிரஷர் அரை பாருக்கும் (பார் என்பது பிரஷரின் அளவு) கீழே போன பிறகுதான் எரியும். அது எரிவதற்குள் பேரிங் தேய ஆரம்பித்திருக்கும். டெம்பரேச்சர் முள்ளில் எண்ணே கிடையாது, C என்று ஒரு பக்கம், H என்று ஒரு பக்கம், நடுவில் என்ன நடக்கிறது என்று ஊகிக்க வேண்டியதுதான். ஆகவே எண் போட்ட டெம்பரேச்சர் மீட்டர், ஆயில் பிரஷர் மீட்டர், வோல்ட் மீட்டர், இந்த மூன்றும் போதும் என்று வைத்துக்கொண்டேன். ஆம்பியர் மீட்டர் அழகாக இருக்கும், பழைய ஜீப்பில் பார்த்திருப்பீர்கள், ஆனால் வண்டியின் மொத்த சார்ஜிங் கரண்டும் அந்த மீட்டருக்குள் போய் வர வேண்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் அவ்வளவு தடித்த உயிருள்ள ஒயரை இழுத்து வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. வோல்ட் மீட்டருக்கு மெல்லிய ஒயர் இரண்டு போதும், சொல்லும் செய்தியும் ஏறக்குறைய அதேதான். அதே போல ஆயில் மீட்டரில் மெக்கானிக்கல் வகை ஒன்று உண்டு, சின்னக் குழாயில் சூடான ஆயிலே கேபினுக்குள் வந்து முள்ளைத் தள்ளும். துல்லியமானதுதான், ஆனால் அந்தக் குழாய் விரிசல் விட்டால் கொதிக்கும் ஆயில் ஓட்டுகிறவர் கால் மேல் கொட்டும். எலக்ட்ரிக்கல் வகையையே வாங்கினேன்.

ஆர்.பி.எம். மீட்டரும் ஆசைப்பட்டு வாங்கி, திருப்பிக் கொடுத்தேன். அதன் பின்னால் 4, 6, 8 சிலிண்டர் என்று மூன்றே மூன்று தேர்வுதான் இருந்தது. நமக்கோ மூன்று சிலிண்டர். 4-இல் வைத்தால் உண்மையில் முக்கால் பங்குதான் காட்டும், 900-இல் ஓடும் ஐட்லிங் 675 என்று தெரியும். 6-இல் வைத்தால் சரிபாதி காட்டும், மனசுக்குள் இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். சிலர் அப்படியே ஓட்டுகிறார்கள். எனக்கு மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போடுவதில் இஷ்டமில்லை. மூன்று சிலிண்டர் வண்டி வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் பெட்டியைப் பிரித்து இதைப் பார்த்துவிடுங்கள்.

மூன்று மீட்டரும் ஜே.சி. ரோட்டில் கிடைத்தன. பொருத்துவதை அங்கேயே பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்துவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள், மூன்றும் அழகாக ஒளிர்ந்தன, பணம் கொடுத்து ஓட்டி வந்துவிட்டேன். டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து, பழைய மெட்ராஸ் ரோட்டில், கே.ஆர். புரம் தொங்கு பாலத்துக்கு முன்னால் இருக்கும் நெரிசலில் நிற்கும்போது பிளாஸ்டிக் தீயும் வாடை வந்தது. முதலில் பக்கத்து லாரி என்று நினைத்தேன். அப்புறம் என் முழங்காலுக்கு மேலே, ஸ்டீயரிங் தண்டுக்குப் பக்கத்திலிருந்து வெள்ளைப் புகை. சாவியை அணைத்தேன், புகை நிற்கவில்லை. அந்த நொடியில் ஏற்பட்ட பயத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, அம்மா பின்சீட்டில் இருந்தார். இறங்கச் சொல்லிவிட்டு, பானெட்டைத் திறந்து, டூல் பையிலிருந்த 10 நம்பர் ஸ்பானரால் பேட்டரி டெர்மினலைக் கழற்றிய பிறகுதான் அடங்கியது. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கி வந்து, தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நின்றார்.

என்ன நடந்தது என்று பிறகு பிரித்துப் பார்த்தோம். மீட்டர்களுக்குக் கரண்ட், பேட்டரியின் பாசிட்டிவிலிருந்தே நேராக எடுக்கப்பட்டிருந்தது. நடுவில் ஃபியூஸ் இல்லை. இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வர தகட்டில் இருந்த ஒரு வெறும் ஓட்டை வழியாக ஒயரை நுழைத்திருந்தார்கள், ஓட்டையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையம், அதாவது கிராமெட், இல்லை. இந்த வண்டியின் ஐட்லிங் நடுக்கம் எப்படி என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். பத்து நாள் உரசலில் தகட்டு விளிம்பு ஒயரின் தோலை அறுத்துவிட்டது. செம்பு பாடியைத் தொட்டதும் பேட்டரி தன் முழு பலத்தையும் அந்த மெல்லிய ஒயரில் இறக்கிவிட்டது. சாவியை அணைத்தும் நிற்காததற்குக் காரணம், சாவிக்கும் அந்த ஒயருக்கும் சம்பந்தமே இல்லை.

அந்தக் கடைக்கு நான் திரும்பப் போகவில்லை. சிவாஜிநகர் பக்கம் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் இருக்கிறார், பூர்வீகம் ஆம்பூர், நாற்பது வருஷமாக இந்தத் தொழில். அவரிடம் கருகிய ஒயரைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதைக் கையில் வாங்கி, விரலால் வளைத்துப் பார்த்தார், தோல் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"மீட்டர் என்ன தம்பி மீட்டர், அதை யார் வேணாலும் வாங்கலாம். எர்த்து எங்க குடுத்திருக்கான்னு பாத்தியா?"

"இல்லண்ணே."

"அதைப் பாரு மொதல்ல. முள்ளு அப்புறம் ஆடட்டும்."

நானே செய்கிறேன், நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை பாதி நாள்தான் என்பதால் மதியத்துக்கு மேல் வரச் சொன்னார். நான்கு ஞாயிறு ஆனது.

முதல் ஞாயிறு ஒயரே இழுக்கவில்லை. இருக்கிற எர்த்தை, அதாவது கரண்ட் பாடி, இன்ஜின் வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியை, பார்ப்பதிலேயே போனது. மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கட்டையிலேயே அழுத்தி, இன்னொரு முனையை இன்ஜின் பிளாக்கில் வைக்கச் சொன்னார், அவர் ஸ்டார்ட்டர் அடித்தார். 0.7 வோல்ட் காட்டியது. இரண்டும் ஒரே எர்த் என்றால் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்க வேண்டும், ஸ்டார்ட்டர் அடிக்கும்போது 0.2, 0.3 வரை பரவாயில்லை. இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் பட்டை ஒயரைக் கழற்றினால் திம்பிள் (போல்ட்டில் மாட்டும் முனை வளையம்) முழுக்கப் பச்சை பூத்திருந்தது, பாதிப் பின்னல் அறுந்தே போயிருந்தது. இந்தப் பட்டை கெட்டால் ஸ்டார்ட்டர் கரண்ட் வேறு வழி தேடும், ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடப் போகும், கேபிள் சூடாகி உள்ளே ஒட்டிக்கொள்ளும் என்றார் அண்ணன். புதுப் பட்டை போட்டு, போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டை எமரி தாளால் தேய்த்து வெள்ளைத் தகடு தெரிய வைத்து முடுக்கியதும் 0.15-க்கு வந்தது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்றைக்கே வண்டி சுலபமாக ஸ்டார்ட் ஆனது.

இங்கே ஒரு விஷயம். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவைத்தான் முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியில். பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பானர் கை தவறி பாடியில் பட்டால் போதும், வெல்டிங் அடிப்பது போல் தீப்பொறி வரும். தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஆனால் வீட்டில் முதல் முறையாகச் செய்பவர்கள் பலர் அவசரத்தில் மாற்றிச் செய்கிறார்கள்.

அடுத்த வாரத்துக்குள் டெம்பரேச்சர் மீட்டரைச் சோதித்து வரச் சொன்னார். வண்டியில் மாட்டும் முன் அது சொல்வது உண்மையா என்று தெரிய வேண்டாமா? பால்கனியில் பழைய பேட்டரி, அதிலிருந்து மீட்டருக்கு ஒயர், சமையலறையில் அடுப்பில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சென்சாரின் பித்தளை மூக்கு தண்ணீரில் முங்கும்படி கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன், அடியில் படக் கூடாது, பட்டால் அடுப்புச் சூட்டைக் காட்டும். பக்கத்தில் சமையலுக்கு விற்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர். அடுப்பைப் பற்றவைத்துப் பத்து நிமிடம் ஆயிற்று, தண்ணீரில் குமிழி வருகிறது, முள் அசையவே இல்லை. பிறகுதான் உறைத்தது. சென்சாருக்கு ஒரே ஒரு ஒயர்தான், இன்னொரு வழி அதன் உடம்பு. இன்ஜினில் மரை வழியாக எர்த் கிடைக்கும், இங்கே காற்றில் தொங்குகிறது. அதன் அறுகோணத்தில் ஒரு கிளிப் மாட்டி பேட்டரி நெகட்டிவுக்கு இழுத்ததும் முள் எழுந்து வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வெப்பத்தைப் படித்துச் சொல்ல, நான் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். 60-க்கு 58, 80-க்கு 79. தளதளவென்று கொதித்தபோது தெர்மாமீட்டர் 97-லேயே நின்றுவிட்டது, மீட்டர் 95. ஏன் 100 வரவில்லை என்று அம்மா கேட்டார். பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மீட்டரைச் சோதிக்கும்போது இது தெரியாமல் 100 வரவில்லையே என்று நல்ல மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. சென்னையில் செய்தால் 100 வரும்.

அந்த அடுப்படிச் சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது. இந்த வகை சென்சாரில் சூடு ஏற ஏற ஓம் (மின்தடை) குறையும். அதனால் சென்சார் ஒயர் அறுந்தால் முள் குளிர் பக்கம் படுத்துவிடும், அதே ஒயர் எங்காவது பாடியில் பட்டால் முள் சூட்டின் உச்சிக்குப் போய்விடும். வழியில் சந்தேகம் வந்தால் சென்சாரிலிருந்து ஒயரைப் பிடுங்கி ஒரு நொடி பாடியில் தொட்டுப் பாருங்கள். முள் உச்சிக்கு ஓடினால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு சென்சாரிலோ தண்ணீரிலோதான். முள் உள்ள சாதாரண மீட்டருக்குத்தான் இது, டிஜிட்டல் டிஸ்பிளே வகைக்குச் செய்ய வேண்டாம்.

சென்சாரை எங்கே வைப்பது? பழைய சென்சாரைக் கழற்றிவிட்டு அங்கேயே வைத்தால் பழைய முள் செத்துவிடும், ஒரே சென்சாரில் இரண்டு மீட்டரையும் சேர்த்தால் இரண்டுமே தப்பாகக் காட்டும். ரேடியேட்டர் மேல் ஹோஸை நடுவில் வெட்டி, ஒரு அலுமினிய இணைப்புத் துண்டு வைத்து, அதில் சென்சாரைத் திருகினேன். இந்தத் துண்டு இரண்டு பக்கமும் ரப்பரில்தான் உட்கார்ந்திருக்கிறது, எர்த் கிடையாது. அதன் மேல் ஒரு சின்னத் திருகு போட்டு அங்கிருந்து இன்ஜின் பிளாக்குக்கு ஒரு கருப்பு ஒயர் இழுத்தாக வேண்டும். சமையலறையில் பத்து நிமிடம் முள் அசையாமல் நின்ற அனுபவத்தால் இதை மறக்கவில்லை.

ஆயில் சென்சார்தான் உண்மையில் தலைவலி கொடுத்தது. இன்ஜினில் ஏற்கெனவே இருக்கும் ஆயில் ஸ்விட்சைக் கழற்றி, அங்கே ஒரு பித்தளை டீ (T வடிவ இணைப்பு) போட்டு, ஒரு வாயில் பழைய ஸ்விட்ச், இன்னொரு வாயில் புது சென்சார். சிவப்பு விளக்கை ஒருநாளும் எடுத்துவிடாதீர்கள், மீட்டரை நாம் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம், விளக்கு கண்ணில் படும். நான் வாங்கிய டீயில் மரை இரண்டு சுற்று நன்றாக ஏறியது, மூன்றாவது சுற்றில் இறுகியது. இறுகிவிட்டது, சரி என்று டெஃப்லான் டேப்பைச் சுற்றி அழுத்தி முடுக்கினேன். மறுநாள் காலை வண்டிக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில். அண்ணன் டீயை வாங்கி விரல் நகத்தால் மரையைத் தடவிப் பார்த்து, "இது அமெரிக்கன் மரை" என்றார். ஜப்பானிய இன்ஜின்களில் இந்த இடத்தில் பெரும்பாலும் பி.எஸ்.பி.டி. என்ற பிரிட்டிஷ் மரைதான் வரும். கால் அங்குலத்திலும் பாதி, 1/8. அமெரிக்க என்.பி.டி.யிலும் 1/8 உண்டு, பார்த்தால் அச்சு அசல் ஒரே மாதிரி. ஆனால் முதலாவதில் அங்குலத்துக்கு 28 மரை, இரண்டாவதில் 27. அந்த ஒரு மரை வித்தியாசத்தில்தான் ஏறுவது போல ஏறி, பாதியில் இறுகி, கசியும். இன்னும் பலமாக முடுக்கியிருந்தால் பிளாக்கின் மரையே போயிருக்கும். கடையில் வாங்கும்போது பழைய ஆயில் ஸ்விட்சைக் கையோடு கொண்டுபோய், அதன் மரையோடு மரை சேர்த்துப் பாருங்கள், பல்லோடு பல் உட்கார வேண்டும், வெளிச்சம் தெரியக் கூடாது.

டீயிலும் ஒரு அபாயம் இருக்கிறது. எலக்ட்ரிக்கல் ஆயில் சென்சார் கனமானது, சின்னத் தகர டப்பா மாதிரி. மூன்று சிலிண்டர் நடுக்கத்தில் அது டீயின் கழுத்தில் ஆடிக்கொண்டே இருந்தால் பித்தளை ஒருநாள் முறியும், முறிந்தால் மொத்த ஆயிலும் சில நிமிடத்தில் ரோட்டில். அதனால் டீயையும் சென்சாரையும் பாடியில் ஒரு கிளாம்பில் பிடித்துவிட்டு, இன்ஜினிலிருந்து அங்கே வரை ஒரு அடி நீளத்துக்கு பிரெய்டு போட்ட ஹோஸ் ஓட்டினோம். ஹோஸில் எர்த்தை நம்ப முடியாது என்பதால் இங்கும் தனி ஒயர். டெஃப்லான் டேப் சுற்றினால் மரை வழியான எர்த்தும் சந்தேகமாகிவிடும், இப்போது டேப்புக்குப் பதில் திரவ சீலன்ட் ஒரு சொட்டுதான் வைத்திருக்கிறேன்.

ஒயரிங் என்று பார்த்தால் சிக்கலே இல்லை, நிதானம்தான் வேண்டும். ஃபியூஸ் பாக்ஸில் சாவி ஆன் செய்தால் மட்டும் 12 வோல்ட் வரும் இடத்தை மல்டிமீட்டர் வைத்துத் தேடினோம். ஒயர் நிறத்தை வைத்து முடிவு செய்யவே கூடாது, பழைய வண்டியில் நமக்கு முன்னால் எத்தனை பேர் கை வைத்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும். சிகரெட் லைட்டர் லைனில் எடுப்பதும் நல்லதல்ல, ஸ்டார்ட்டர் அடிக்கும்போது அந்த லைன் அணைந்துவிடும், முள்ளெல்லாம் விழுந்து எழும். எடுத்த இடத்திலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். மூன்று மீட்டரும் உள்ளே இருக்கும் விளக்கும் சேர்த்து ஒரு ஆம்பியர்கூட இழுக்காது, ஆகவே 3 ஆம்பியர் ஃபியூஸ். 10 ஆம்பியர் கையில் இருக்கிறதே என்று போடாதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது ஒயரை, அது ஒயருக்கு முன்னால் உருக வேண்டும். ஒயர் 1 ஸ்கொயர் எம்.எம்., வீட்டு ஒயர் வேண்டாம், வண்டிக்கென்று விற்கும் நூலிழை ஒயரே வேண்டும். எஸ்.பி. ரோட்டில் மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். விளக்குக்கான ஒயரைப் பார்க்கிங் லைட் லைனில் சேர்த்தேன், இரவில் லைட் போட்டால் மீட்டரும் எரியும்.

ஜாயிண்ட் போடும் விதத்தில் அண்ணனிடம் சமரசமே கிடையாது. முறுக்கி இன்சுலேஷன் டேப் ஒட்டினால் பெங்களூரு வெயிலிலேயே அந்தப் பசை இளகி ஒரு வருஷத்தில் பிசுபிசுவென்று அவிழ்ந்துவிடும், சேலம் வெயிலைச் சொல்லவே வேண்டாம். கிரிம்ப் செய்து (ஒயர் முனைகளை ஒரு உலோகக் குழாய்க்குள் வைத்து நசுக்கி), அதன் மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றி, லைட்டரால் காட்டிச் சுருக்க வேண்டும். கிரிம்ப் செய்ததும் நன்றாக ஒரு இழு இழுப்பார். வந்துவிட்டால் வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி. எனக்கு முதல் நாள் ஏழில் நான்கு கழன்று வந்தன, கிரிம்பிங்கைக் கட்டிங் பிளையரால் செய்ததுதான் காரணம், அதற்கென்று இருக்கும் கருவியை வாங்கிய பிறகு ஒன்றும் வரவில்லை. இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வர, வண்டியின் சொந்த ஒயரிங் வரும் ரப்பர் கிராமெட்டிலேயே இடம் இருந்தது, ஒரு சைக்கிள் ஆரக்காலைக் கூராக்கித் துளைத்து அதில் ஒயரைக் கட்டி இழுத்தோம். உள்ளே வந்ததும் பெடல் பக்கம் தொங்காதபடி ஒவ்வொரு சாணுக்கும் ஒரு டை.

எல்லாம் முடிந்து மூன்றாவது ஞாயிறு இரவு ஓட்டிப் பார்த்தேன். தண்ணீர் 88 டிகிரி. ஹெட்லைட் போட்டேன், 96. அணைத்தேன், 88. லைட் போட்டால் தண்ணீர் எப்படிச் சூடாகும்? பிரேக்கை மிதித்தால்கூட முள் ஒரு துளி ஏறியது. மீட்டர் கெட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. அண்ணன் மீட்டரைத் தொடவே இல்லை. நான் பழைய கடைக்காரர் எர்த் கொடுத்த அதே இடத்தில், டேஷ்போர்டு பிராக்கெட்டின் ஒரு திருகில், மூன்று மீட்டரின் கருப்பு ஒயரையும் கொடுத்திருந்தேன், இடம் வசதியாக இருந்தது. மல்டிமீட்டரின் ஒரு முனை அந்தத் திருகில், இன்னொன்று நீள ஒயர் வைத்து பேட்டரி நெகட்டிவில். லைட் அணைந்திருக்கும்போது 0.06. ஹெட்லைட் போட்டதும் 0.48.

அந்த அரை வோல்ட்தான் எட்டு டிகிரி. பெயிண்ட் பூசிய, பாதி துருப்பிடித்த தகட்டு வழியாக ஹெட்லைட் கரண்டும் திரும்பிப் போகிறது, அதனால் அந்தத் திருகு உண்மையான எர்த்தை விட அரை வோல்ட் மேலே தூக்கப்படுகிறது. சென்சாரோ இன்ஜின் எர்த்தில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தையும் சேர்த்து முள் காட்டிவிடுகிறது. மூன்று கருப்பு ஒயரையும் ஒரே திம்பிளில் சேர்த்து, அங்கிருந்து 2.5 ஸ்கொயர் ஒயர் ஒன்றை, இன்ஜின் எர்த் பட்டை முடுக்கிய அதே போல்ட்டுக்குக் கொண்டுபோனோம். இப்போது ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாம் போட்டாலும் 0.03. முள் ஆடவில்லை. 0.1-க்கு மேல் போனால் எர்த்தைத் தேடு, மீட்டரைத் திட்டாதே என்பது அண்ணன் கணக்கு. புது மீட்டர் போட்டு "சரியாகக் காட்டவில்லை" என்று மாற்றுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தத் திருகுதான் காரணமோ என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

எண்களைப் பழகிக்கொள்ள ஒரு மாதம் ஆகும். தெர்மோஸ்டாட்டில் (சூடானதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) 82 என்று பொறித்திருக்கிறது, ஓசூர் ரோட்டில் 60 கி.மீ. வேகத்தில் போனால் முள் 85 வாக்கில் நிற்கும், சில்க் போர்டு நெரிசலில் 94 வரை ஏறி, ஃபேன் ஓடியதும் இறங்கும். ஏறி இறங்குவது பார்த்துப் பழகிவிட்டால் என்றைக்காவது 97-க்குப் போனாலே மனசு விழித்துக்கொள்ளும். ஆயில், காலையில் குளிர்ந்திருக்கும்போது 4 பார், சூடான பின் ஐட்லிங்கில் 1-ஐ ஒட்டி, ஓடும்போது 3. இது என் வண்டியின் எண். உங்கள் வண்டியில் நன்றாக இருக்கும் நாளில் என்ன என்று ஒரு சீட்டில் எழுதி கிளவ் பாக்ஸில் போட்டு வையுங்கள், அதிலிருந்து விலகுவதுதான் செய்தி.

மூன்றில் அதிகம் உதவியது, நான் எதிர்பார்க்காத வோல்ட் மீட்டர்தான். இன்ஜின் ஓடாமல் 12.6, ஓடும்போது 13.8-இலிருந்து 14.4-க்குள் இருக்க வேண்டும். மாட்டி ஏழு மாதம் கழித்து ஒருநாள் பொம்மனஹள்ளி தாண்டும்போது 15.3 காட்டியது. மல்டிமீட்டரால் பேட்டரியிலேயே பார்த்தேன், 15.5. ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போயிருந்தது. சார்ஜ் விளக்கு எரியவே இல்லை, அது சார்ஜ் ஆகவில்லை என்றால்தானே எரியும், கூடுதலாக ஆனால் அதற்குத் தெரியாது. பேட்டரி மூடியைத் திறந்தால் தண்ணீர் தட்டுக்குக் கீழே போய்விட்டிருந்தது. ரெகுலேட்டர் மாற்றினோம், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினோம், அந்தப் பேட்டரி இன்னும் ஓடுகிறது.

போன தையில் ஊருக்குப் போய்விட்டு மறுபடி அதே தொப்பூர் ஏற்றம், அதே மதிய வெயில். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீட்டர் பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "எண்பத்தொம்பது... தொண்ணூத்தொண்ணு... தொண்ணூத்திமூணு" என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். 95 வந்ததும் நான் கேட்காமலே ஹீட்டர் புளோயரைப் போட்டு ஜன்னலை இறக்கினார், உள்ளே அனல் அடித்தது, முள் 93-க்கு வந்து நின்றது. மேலே போய் டீக்கடையில் நிறுத்தியபோது பானெட்டைத் திறந்து, மேல் ஹோஸில் அந்தக் கருப்பு எர்த் ஒயரின் திருகு இறுக்கமாக இருக்கிறதா என்று விரலால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் டீ சொன்னார்.